பழைய ஸ்கூட்டரும் முன் பிரேக்கும் - கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் கணக்கு

பழைய ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்க நாலு பேர் கூடினா ரெண்டு கட்சி ஆயிடும். ஒண்ணு 'ஒரிஜினல்' கட்சி. இவங்களுக்கு வண்டியில இருக்கிற வாஷர் கூட கம்பெனியில போட்ட வாஷரா இருக்கணும். ஹாரன் சத்தம் கூட 1980-ல வந்த மாதிரியே கரகரன்னு வரணும். இன்னொண்ணு 'டிஸ்க்' கட்சி. எந்த வண்டியைப் பார்த்தாலும் முன் சக்கரத்துல ஓட்டை ஓட்டையா ஒரு தட்டு மாட்டணும், அது வெயில்ல பளபளன்னு மின்னணும். நான் ரெண்டுலயும் சேராத ஆளு. அதனால ரெண்டு பக்கமும் திட்டு வாங்கத் தயாரா இதை எழுதறேன்.

எழுதத் தூண்டினது ஒரு பேச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நடந்த ஒரு கூட்டத்துக்கு நண்பர் ஒருத்தர் தன்னோட பஜாஜ் சேட்டக்கை ஓட்டிட்டு வந்திருந்தார். முன்னாடி டிஸ்க் பிரேக், புது ஷாக் அப்சர்பர், எல்லாம் நேர்த்தியான வேலை. சுத்திச் சுத்திப் பார்த்த ஒரு பெரியவர், "கோயில் தேருக்கு ரப்பர் டயர் போட்ட மாதிரி இருக்கு தம்பி"ன்னுட்டு நகர்ந்துட்டார். நண்பர் முகம் சுண்டிப் போச்சு.

எனக்கு உடனே திருவாரூர் ஆழித்தேர்தான் ஞாபகம் வந்துச்சு. அலங்காரம் பண்ணி நின்னா 96 அடி உயரம். அந்தத் தேருக்கு இன்னிக்கு இருக்கிறது திருச்சி பெல் செஞ்ச இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும். தேர் தேராத்தான் இருக்கு, தியாகராஜர் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போயிடலை. சிற்பம், கலசம், வடம்னு எதை மாத்தக் கூடாதோ அதை மாத்தலை. நிக்க வேண்டிய இடத்துல நிக்கிற சமாச்சாரத்தை மட்டும் மாத்தினாங்க. ஸ்கூட்டருக்கும் இதே நியாயம் பொருந்தும்ங்கறதுதான் என் கட்சி. ஆனா அதுல ஒரு 'ஆனா' இருக்கு, அதுக்குக் கீழ வர்றேன்.

*

முதல்ல இந்த வண்டியோட முன்பக்கத்தைப் பத்தி. சேட்டக் 1972-ல வந்துச்சு. அடிப்படை இத்தாலியோட வெஸ்பா ஸ்பிரிண்ட். பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருந்து வாங்கின காலம் உண்டு. 2009-ல பஜாஜ் ஸ்கூட்டர் தொழிலை விட்டே விலகறதா அறிவிச்சது. 2020-ல இருந்து அதே பேர்ல மின்சார வண்டி ஓடுது, அது வேற கதை. பழசு இன்னும் நம்ம தெருவுல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

இதுக்கெல்லாம் மூலம் 1946-ல வந்த முதல் வெஸ்பா. வடிவமைச்ச கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். விமானத்துச் சக்கரம் மாதிரி ஒரே பக்கம் தாங்கற முன் சக்கரத்தை வச்சார். பஞ்சர் ஆனா காருக்கு மாத்தற மாதிரி சக்கரத்தைக் கழட்டி ஸ்டெப்னியை மாட்டிடலாம். அருமையான யோசனை. ஆனா அந்த வண்டி 98 சி.சி., முக்கி முனகி 60 கி.மீ. வேகம். போருக்கு அப்புறம் வெறிச்சோடிக் கிடந்த சாலை. அந்த வேகத்துக்கும் அந்தச் சாலைக்கும் யோசிச்ச முன்பக்கம் அது. பின்னாடி சக்கரம் பெரிசாச்சு, எஞ்சின் பெரிசாச்சு, அடிப்படை அமைப்பு மட்டும் அப்படியே இருந்துச்சு.

அமைப்பு என்னன்னா, ஃபோர்க்கோட கீழ் முனையில ஒரு சின்னக் கை ஆடும். ஆடுற அச்சு முன்னாடி, சக்கரம் அதுக்குப் பின்னாடி. மேல ஸ்பிரிங்கும் டேம்பரும். பிரேக் ஷூ உக்காந்திருக்கிற தட்டு அந்தக் கையோடயே சேர்ந்தது. பிரேக் பிடிச்சா என்ன ஆகும்? ஷூ டிரம்மைப் பிடிக்கும். ஓடிக்கிட்டிருக்கிற டிரம் அந்தத் தட்டையும் கையையும் தன்னோட சேர்த்துச் சுத்தப் பார்க்கும். கை மேல தூக்கும், ஸ்பிரிங் அமுங்கும், வண்டி மூக்கு கீழ போகும். எந்த வண்டியிலயும் பிரேக் பிடிச்சா எடை முன்னாடி சாயும், அதனால ஒரு குனியல் வரும். இதுல அந்தக் குனியலோட இந்த முறுக்கால வர்ற குனியலும் சேர்ந்துக்கும். அதான் சேட்டக்கை வேகத்துல முன் பிரேக் போட்டு நிறுத்தினா அது என்னமோ சாமி கும்பிடற மாதிரி குனியுது. 1977-ல பி-எக்ஸ் வரிசையைக் கொண்டு வந்தப்ப பியாஜியோ முன் சஸ்பென்ஷனை மாத்தி அமைச்சதுல இந்தக் குனியல் குறைஞ்சுது. ஆக, செஞ்ச கம்பெனியே இதை ஒரு குறைன்னு நினைச்சிருக்கு.

இந்தக் குனியல் நம்ம ஊர்ல ஒரு பழக்கத்தையே உருவாக்கிடுச்சுன்னு நான் நினைக்கிறேன். வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்த அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும் சொன்ன முதல் வேதம்: "முன் பிரேக் பிடிக்காதடா, குப்புற விழுவே." மணல்லயோ திருப்பத்துலயோ அது உண்மைதான். ஆனா நேர் ரோட்டுல, காஞ்ச தார்ல, வண்டியை நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன் சக்கரத்தோடதுதான். வண்டியோட நீளத்தையும் ஆள் உக்காந்தப்புறம் வர்ற எடை மையத்தோட உயரத்தையும் வச்சுத் தோராயமா கணக்குப் போட்டா, நல்லா அழுத்திப் பிரேக் போடும்போது மொத்த எடையில கால்வாசி பின்னாடியிருந்து முன்னாடி போயிடுது. எடை போன சக்கரத்தைக் காலால மிதிச்சு என்ன பிரயோஜனம்? லாக் ஆகி வழுக்கும், வண்டி பின்பக்கம் கோலம் போடும். ஒரு தலைமுறை முழுக்க வலது காலை மட்டும் நம்பி ஓட்டியிருக்கு. முன்னாடி நிக்கிற பையன், நடுவுல அப்பா, பின்னாடி அம்மா, மடியில கைக்குழந்தைன்னு ஓட்டியிருக்கு. நினைச்சா வயித்தைக் கலக்குது.

இன்னொரு கணக்கு. போரடிச்சா தாண்டிப் போயிடுங்க, ஆனா தாண்டாதீங்க :-)

40 கி.மீ. வேகத்துல போறீங்க. அதாவது விநாடிக்கு 11 மீட்டர். முன் பிரேக் சும்மா பேருக்கு இருக்கிற வண்டி, விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறையுதுன்னு வச்சுக்குவோம். பிரேக்கை மிதிச்ச இடத்துலேர்ந்து நிக்க 20 மீட்டருக்கு மேல ஆகும். முன் பிரேக் ஒழுங்கா வேலை செஞ்சு 5 மீட்டர் வீதம் குறைஞ்சா 12 மீட்டர் சொச்சத்துல நின்னுடும். வித்தியாசம் வெறும் 8 மீட்டர்தானேன்னு தோணும். நல்ல பிரேக் வண்டி நின்னுபோன அதே இடத்துல மத்த வண்டி இன்னும் 25 கி.மீ. வேகத்துல ஓடிக்கிட்டிருக்கும். அந்த இடத்துல ஒரு டவுன் பஸ்ஸோட பின்பக்கம் இருந்தா?

முன்னாடி போற வண்டியெல்லாம் மாறிப்போச்சுங்கறதையும் சேர்த்துக்கோங்க. 2019 ஏப்ரல்லேர்ந்து விக்கிற புது வண்டிகள்ல 125 சி.சி.க்கு மேல இருந்தா ஏ.பி.எஸ்., அதுக்குக் கீழன்னா ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பாவது இருக்கணும்னு சட்டம். முன்னாடி போற பொண்ணு லேசா லீவரைத் தொட்டா அந்த வண்டி நிக்குது. பின்னாடி நாம 1985 மாடல்ல வந்துக்கிட்டிருக்கோம். அவங்க நிக்கிற தூரத்துல நாமளும் நிக்கணும், நம்ம வண்டி 'கிளாசிக்'னு அவங்களுக்குத் தெரியாது.

*

ஒரிஜினல் கட்சிக்கு இவ்வளவு போதும். இல்ல, ஒண்ணு பாக்கி. பழைய ஸ்கூட்டருக்கு டிஸ்க்கே அபச்சாரம்னு சொல்றவங்களுக்கு: லாம்ப்ரெட்டா டி.வி. 175, மூணாவது வரிசை, 1962. முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக்கோட கம்பெனியிலேர்ந்தே வந்துச்சு. ஆயில் கிடையாது, கேபிள்ல இழுக்கிற டிஸ்க், ஹப்புக்குள்ளயே மறைஞ்சிருக்கும். முன்பக்கம் தனியா டேம்பரும் குடுத்தாங்க. பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்து யோசிச்சாங்கங்கறதை அடிக்கோடு போட்டுக்கோங்க. வெஸ்பா பி-எக்ஸுக்கு டிஸ்க் 1998-ல வந்துச்சு. கான்பூர்ல எல்.எம்.எல். செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பின ஸ்டார் வண்டியிலயும் முன் டிஸ்க் உண்டு.

இப்ப டிஸ்க் கட்சிக்கு வர்றேன். மேல சொன்ன 'ஆனா' இங்கதான்.

நிறைய பேர் டிஸ்க் மாத்தறதுக்குக் காரணம் "டிரம் பிடிக்கவே மாட்டேங்குது சார்". டிரம் ஏன் பிடிக்கலைன்னு ஒருத்தரும் கழட்டிப் பார்க்கறதில்லை. நாப்பது வருஷ வண்டி. லைனிங் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகியிருக்கும். டிரம் லேசா ஓவலாயிருக்கும், லீவரைப் பிடிச்சா கையில விட்டு விட்டு உதைக்கும். ஹப் ஆயில் சீல் போய் கிரீஸ் ஷூ மேல கசிஞ்சிருக்கும். கேம் துருப்பிடிச்சு இறுகியிருக்கும். கேபிளோட அவுட்டர் சுருங்கி விரியும், நீங்க இழுக்கிற பலத்துல பாதியை அதுவே தின்னுடும். இத்தனையையும் அப்படியே விட்டுட்டு டிரம்மைத் திட்டினா அது என்ன பண்ணும்?

ஒரு நல்ல லேத்துல டிரம்மைக் கொடுத்து வட்டமாக்கி, புது லைனிங் போட்ட ஷூவை அந்த டிரம்மோட வளைவுக்குப் பொருந்தற மாதிரி தேய்ச்சு, கேம்ல துளி கிரீஸ் (துளிதான், அள்ளி அப்பிடாதீங்க), புதுக் கேபிள், புது அவுட்டர். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது. பிரேக்கை முழுசாப் பிடிச்ச நிலையில கேம் ஆர்முக்கும் கேபிளுக்கும் நடுவுல செங்கோணம் இருக்கணும். லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டரைத் திருகிக்கிட்டே போவாங்க, ஆர்ம் அந்தப் பக்கம் சாஞ்சு போயிருக்கும், எவ்வளவு இழுத்தாலும் பலம் சேராது. இதெல்லாம் சரி பண்ணின டிரம் நகர வேகத்துக்குத் தாராளமாப் போதும். இன்னொண்ணு, டிரம்மைத் திறந்தா வாயால ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால துடைங்க.

டிரம்மை விட முக்கியமா நான் நினைக்கிறது டேம்பர். நம்ம பேச்சுல எல்லாமே 'ஷாக் அப்சர்'தான், ஸ்பிரிங் வேற டேம்பர் வேறன்னு பிரிச்சுப் பேசறதில்லை. பள்ளத்தை வாங்கிக்கறது ஸ்பிரிங். வாங்கின ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாம அடக்கறது டேம்பர். ஹேண்டிலைப் பிடிச்சு முன்பக்கத்தை நல்லா அழுத்தி விட்டுப் பாருங்க. ஒரு தடவை எழும்பி அடங்கினா உயிர் இருக்கு. ரெண்டு மூணு தடவை ஆடினா டேம்பர் செத்து நாளாச்சு. டயர் தரையைத் தொடாத நேரத்துல உலகத்துல இருக்கிற எந்த பிரேக்கும் வண்டியை நிறுத்தாது. செத்த டேம்பரோட ஒரு மேடுபள்ளமான ரோட்டுல பிரேக் போட்டா முன் சக்கரம் குதிச்சுக் குதிச்சுப் போகும். குதிக்கிற நேரமெல்லாம் உங்க பிரேக் லீவுல இருக்குன்னு அர்த்தம்.

இதுக்கு ஒர்க்‌ஷாப்புல சொல்ற வைத்தியம் "ஸ்பிரிங்கை டைட்டாப் போட்டுடலாம்". கேக்காதீங்க. குனியல் குறையும், உண்மை. ஆனா அடக்க ஆளில்லாத கெட்டி ஸ்பிரிங் இன்னும் மோசமாத் துள்ளும். நல்ல டேம்பர் முதல்ல, தேவைப்பட்டா அதுக்கேத்த ஸ்பிரிங் அப்புறம். கூடவே அந்தக் கை ஆடுற அச்சோட பேரிங், புஷ், மேல ஹேண்டில் கோன் செட், மூணுலயும் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஒரே பக்கம் தாங்கற ஃபோர்க், பிரேக் போட்டா முறுக்கத்தான் செய்யும். அங்க ஆட்டம் இருந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

நான் பழகற மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். புதுப்பேட்டையில பாகம் தேடி அலையறப்போ எனக்குத் துணை அவர்தான். ஒரு பையன் வந்து, "அண்ணே, சேட்டக்குக்கு டிஸ்க் போட்டா டக்குனு நிக்குமாண்ணே?"ன்னு கேட்டான். இவர் தலையை நிமிர்த்தாமலே, "வீல் நிக்கும் தம்பி. நீ நிப்பியான்னு டயரைப் பார்த்துட்டு வந்து சொல்லு"ன்னார். போய்ப் பார்த்தான். டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்க எண் 1409. அதாவது 2009-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் செஞ்ச டயர். பூ இருந்துச்சு, ஆனா ரப்பர் பலகை மாதிரி. ஸ்டெப்னியா இத்தனை வருஷம் தொங்கினதை எடுத்து மாட்டியிருக்காங்க. 3.50-10 புது டயர் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினார். டிஸ்க் பேச்சு அன்னிக்கு அதோட முடிஞ்சுது.

*

இவ்வளவும் செஞ்சாச்சு. தினமும் நெடுஞ்சாலை, இல்லாட்டி எஞ்சினைப் பெரிசு பண்ணியாச்சு, இல்லாட்டி மலைப்பாதை. அப்ப டிஸ்க் போடுங்க, தாராளமா. நான் ஆதரவு. கொல்லிமலை மாதிரி எழுபது வளைவு இறங்கறப்ப டிரம் சூடேறி பலம் குறையும், டிஸ்க் காத்துல ஆறிக்கிட்டே வரும். மழையிலயும் சீக்கிரம் காயும்.

ஆனா எப்படிப் போடறதுங்கறதுல நான் கறார். டிஸ்க்குக்குன்னே கம்பெனி செஞ்ச முழு ஃபோர்க்கை, கை, அச்சு, காலிப்பர், டேம்பர் எல்லாம் ஒரே குடும்பமா இருக்கிறதை, வாங்கி மாட்டணும். அது அப்படியே உக்காராது. தண்டு நீளம், லாக் துளை, ஹெட்செட் பொருத்தம்னு வேலை இருக்கும். அந்த வேலைக்குத் தெரிஞ்ச ஆள் வேணும், செலவும் ஆகும். செலவைப் பார்த்துட்டு குறுக்கு வழியில போறவங்களைத்தான் சொல்றேன். ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் காலிப்பரை எடுத்து, பழைய கையில ஒரு பட்டையை வெல்டிங் வச்சு, அதுல மாட்டி, "சூப்பரா பிடிக்குதுண்ணே"ன்னு ஒரு சிரிப்பு.

அந்தப் பட்டையில என்ன பாரம் வருதுன்னு தெரியுமா? ஆளோட சேர்ந்து 180 கிலோ. முன் சக்கரம் தன் பங்குக்கு விநாடிக்கு மூணரை மீட்டர் வேகம் குறைக்குது. தரையில டயருக்கு வர்ற பிடி 60 கிலோவுக்கு மேல. டயரோட ஆரம் சுமாரா 21 செ.மீ. டிஸ்க்ல பேட் பிடிக்கிற இடம் நடுவுலேர்ந்து எட்டொன்பது செ.மீ.தான். அப்ப அந்தக் காலிப்பர் மேல வர்ற இழுப்பு 150 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு தடவை பிரேக் போடறப்பவும், சிக்னலுக்குச் சிக்னல். தெருமுனையில வச்ச வெல்டிங் விட்டுச்சுன்னா காலிப்பர் நேரா சக்கரத்துக்குள்ள போய் மாட்டும். அதை விடக் கையால சைக்கிள் டயரைத் தேய்ச்சு நிறுத்தற வித்தை பாதுகாப்பானது.

மாஸ்டர் சிலிண்டரும் அப்படித்தான். காலிப்பர் பிஸ்டனுக்குப் பொருந்தாத அளவு போட்டா லீவர் மரக்கட்டை மாதிரி இருக்கும், இல்லாட்டி பஞ்சு மாதிரி ஹேண்டில் வரைக்கும் வரும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். மாசத்துக்கு ஒரு நாள் எடுக்கிற வண்டிக்காரர்கள் இதை மறந்துடறாங்க. ஓரமா நிக்கிற வண்டிக்கு, சொல்லப்போனா, கேபிள் டிரம்தான் லாயக்கு.

டிஸ்க் போட்டுட்டு பழைய டேம்பரை விட்டு வைக்கிறவங்களுக்குத் தனியா ஒரு வணக்கம். பிரேக் பலம் கூடினா குனியலும் கூடும். ஸ்பிரிங் முழுசா அமுங்கி முட்டி நிக்கும். அந்த நேரம் பெயிண்ட் அடிக்காத நம்ம ஊர் வேகத்தடை ஒண்ணு வந்தா அதோட இடி நேரா மணிக்கட்டுக்கும் ஃபோர்க்குக்கும்தான். பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா டேம்பரையும் டயரையும் வாங்குங்க, டிஸ்க் அடுத்த போனஸுக்கு இருக்கட்டும்.

கழட்டின பாகத்தைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீங்க. எண்ணெய் தடவி, சாக்குல சுத்தி, பேர் எழுதிப் பரண்ல போடுங்க. பின்னாடி யாராவது ஒரிஜினல் கட்சியில சேரணும்னு ஆசைப்பட்டா ஒரு ஞாயித்துக்கிழமையில திரும்ப மாட்டிக்கலாம். என் நண்பரோட வண்டிக்கும் அப்படித்தான், டிரம், கை, ஃபோர்க் மொத்தமும் அவர் வீட்டுப் பரண்ல கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கு. அவங்க வீட்டம்மாதான் திட்டறாங்களாம்.

டிஸ்கி: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியில செய்யற மாற்றத்தைப் பத்தினது. 2019 ஜனவரியில ஒரு கேரள வழக்குல உச்ச நீதிமன்றம் இதைக் கறாராவே படிச்சது. சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சதும் அஞ்சஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி ஆர்.சி. புதுப்பிக்கிறோம் இல்லியா, ஃபோர்க்கை மாத்தறதுக்கு முன்னாடி அங்க ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. டிரம்மைச் சரி பண்றதுக்கும் டேம்பர் மாத்தறதுக்கும் யாரையும் கேக்க வேண்டியதில்லை.